முனியாண்டிக்கு மேலே போன கத்தி

போன மாதம் வன இலாகாவிலிருந்து இரண்டு இளம் அதிகாரிகள் பேராக் மாநிலத்தில், சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். தேசிய வனக் கொள்கையை மறுபடியும் திருத்தப் போகிறார்களாம். இந்த முறையும் காட்டோரத்து மக்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டுமாம். கேட்பது எப்படி என்று புதியவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது, அதில் அனுபவசாலி ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்றவனைத் தேடி வீட்டுக்கு ஆள் வருவது சும்மாவா? உள்ளே போய் பனியனுக்கு மேல் நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"வசந்தா மேடம் மக்கள்கிட்ட எப்படிப் பேசுவாங்க, எப்படி வேலை செய்வாங்கன்னு நீங்க வந்து சொல்லணும் சார்," என்றான் ஒருவன். "அவங்க மக வீட்டுக்கு ஆஸ்திரேலியா போயிட்டாங்க. கூட வேலை செஞ்சவரு நீங்கதான்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். முதுகு வலி, வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு, ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். வயிற்றெரிச்சல் என்றேன். அவள் ஓமத் தண்ணீர் எடுத்து வந்தாள். ஓமத் தண்ணீருக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை இது.

பொறாமை என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் காட்டில் நடந்தவன் நான். வசந்தா அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். இன்று இலாகாவில் 'மக்கள் பங்கேற்பு' என்று யாராவது வாயைத் திறந்தால் அவள் பெயர்தான் வருகிறது. அவள் கெட்டிக்காரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்த பிறகு பேசுங்கள்.

நான் பிறந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பாவுக்குப் புல் வெட்டுவது, மருந்தடிப்பது மாதிரி வெளிக்காட்டு வேலை. பள்ளியில் படிவம் ஐந்து முடித்ததும் வன இலாகாவில் ரேஞ்சர் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்தது. பயிற்சியில் பட்டையைக் கீறி முகர்ந்து மரத்தின் பெயர் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லைக்கல் நடவும், எல்லை மரங்களில் சிவப்பு வளையம் அடிக்கவும், அட்டை கடித்தால் பிடுங்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு பேராக் காடுகளில் நான் நடக்காத எல்லை இல்லை. திருட்டு மரம் வெட்டிய லாரிகளைப் பிடித்திருக்கிறேன். ஒருமுறை லாரிக்காரன் என்மேலேயே வண்டியை ஏற்றப் பார்த்தான். அந்தக் கதையை எந்தப் பயிற்சியிலும் யாரும் கேட்பதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் தலைநகரிலிருந்து புதிய வனக் கொள்கையின் நகல் வந்தது. காட்டோரத்தில் வாழும் மக்களிடம் அதை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அப்படி வரும் கருத்துகளில் நன்றாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து, மாநிலத்துக்கு ஒருவர் தலைநகர் போய்ப் பெரிய கூட்டத்தில் பேச வேண்டும். பேராக்கிலிருந்து போகப் போவது நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன். தமிழ், மலாய், சீனத்தில் கொஞ்சம் கண்டனீஸ் எல்லாம் வரும். தோட்டத்துப் பிள்ளை வேறு. என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

எனக்குக் கொடுத்த இடம் வெள்ளைக்கல் தோட்டம். தோட்டம் என்பது பெயருக்குத்தான். ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்து, லயங்களை இடித்து, ஆட்களைக் காட்டோரத்தில் வரிசை வீடுகள் கட்டிய ஒரு குடியிருப்பில், இங்கே தாமான் என்போம், குடிவைத்திருந்தார்கள். மேட்டில் இருக்கிற வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் சரியாக ஏறாது. அதனால் தோட்டக் காலத்தில் மலையோடையிலிருந்து இழுத்த பழைய குழாயைத்தான் அவர்கள் இன்னும் நம்பியிருந்தார்கள். ஓடைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் இடம் இலாகாவின் ரிசர்வ் காட்டுக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு முனியாண்டி கோயில். தாமானிலிருந்து அங்கே ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். வாராவாரம் முறை வைத்துப் போய், அங்குள்ள தண்ணீர்த் தொட்டியில் அடைத்த இலைகளை வாரிவிட்டு வருவார்கள். கொள்கை நகலில் ஒரு வரி இருந்தது: நீர்ப்பிடிப்புக் காடுகளுக்குள் பொதுமக்கள் நுழைவது முழுவதுமாக நிறுத்தப்படும். அந்த வரி அப்படியே நிலைத்தால் பாதைக்கு வேலி வரும், தொட்டி அடைபடும், மேட்டு வீடுகளில் தண்ணீர் நிற்கும்.

கூட்டத்தை நான் எவ்வளவு சிரத்தையாக ஏற்பாடு செய்தேன் தெரியுமா? பழைய தோட்ட ஆபீசுக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் கூடாரம் போட்டேன். வெயிலுக்கு முன்னால் முடியட்டும் என்று ஞாயிறு காலையிலேயே வரச் சொன்னேன். சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தேன். ஒலிபெருக்கி எடுத்து வருகைப் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்தேன். ஒவ்வொருவரும் "இருக்கேங்க" என்று குரல் கொடுத்தார்கள். நாற்காலி போட்டிருந்தும் வயசானவர்கள் பலர் உட்காரவில்லை, வரிசையாக நின்றார்கள். நகலைத் தமிழில் விளக்கிச் சொல்லி, உங்கள் கருத்து என்ன என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "நீங்க சொன்னா சரிங்கய்யா," என்றார். நானும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு, சேமியா மாதிரி மீகூனும் கறி வைத்துப் பொரித்த கறிபாப்பும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த வெட்டவெளி பழைய பெரட்டுக் களம். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது புரியும். விடியற்காலையில் மேற்பார்வை பார்க்கும் தண்டல் பெயர் வாசிப்பார், ஆட்கள் இருக்கேன் என்பார்கள், யாருக்கு என்ன வேலை என்று அவர் சொல்வார், கலைந்து போவார்கள். பெரட்டில் நின்று கருத்துச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. என் அப்பா அம்மா அப்படித்தான் நின்றார்கள். அதே களத்தில், அதே நேரத்தில், பட்டியலை வாசித்து நானும் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. வசந்தாவுக்கு மட்டும் எப்படி உறைத்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆற்றாமை. அவள் டவுன்பக்கம் புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். பால் மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருப்பாளோ என்னவோ.

கையெழுத்து வாங்கவும் சாப்பாடு எடுத்துக் கொடுக்கவும்தான் அவளை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

எங்கள் மேலதிகாரி துவான் ஹாலிமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், துவான் என்றால் மலாயில் ஐயா. ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அறிக்கையை ஜன்னலோரத்தில் நின்றுகொண்டேதான் படிப்பார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "சியாப்பா சாக்காப்?" என்பார். யார் சொன்னது என்று மலாயில் கேட்கிறார். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: எங்கே நின்று சொன்னார்? ஆபீசில் நின்று சொல்லும் பேச்சு வேறு, வீட்டில் நின்று சொல்லும் பேச்சு வேறு என்பது அவர் கட்சி. இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத வரியைப் பென்சிலால் மெல்லிசாக அடித்துவிடுவார். திட்டவே மாட்டார். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

என் அறிக்கையில் விரல் வைத்தார். ஆட்சேபணை இல்லை என்று யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள் துவான் என்றேன். எல்லாரும் என்று ஒரு ஆள் கிடையாது மாணிக்கம் என்றார். அந்த நேரம் பார்த்து, கையெழுத்துக்குக் காகிதம் கொண்டுவந்த வசந்தா வாயைத் திறந்தாள். அவர்களுக்குச் சம்மதம் இல்லை துவான், மீகூன் வாங்கும்போது பெண்கள் தங்களுக்குள் புலம்பிக்கொண்டிருந்தார்கள், பாதையை அடைத்தால் தண்ணீருக்கு எங்கே போவது என்று என்னிடமே கேட்டார்கள் என்றாள். துவான் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அடுத்த முறை நீ போ என்றார். என்னை வண்டி ஓட்டிக்கொண்டு கூடப் போகச் சொன்னார்.

வண்டி ஓட்ட. நான். அவளுக்கு.

ஆடிப் படையலுக்கு முந்தின நாளாகப் பார்த்துப் போனாள். தாமானின் கோடி வீடு அஞ்சலையக்காவுடையது. எழுபதைத் தொட்ட மனுஷி, அந்தக் காலத்துப் பால்வெட்டுக்காரி, கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும். அவர் வீட்டுக் கார் நிறுத்துகிற இடத்தில் பாய் விரித்து, பெண்கள் படையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வசந்தா செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து ஒரு பூசணிக்காயை இழுத்துக்கொண்டாள். கொள்கை, நகல், கருத்து, ஒரு வார்த்தை இல்லை. நான் பிக்கப்பில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி வெட்டினால் எப்படி வேகும் என்று அவளைத் திட்டினார்கள். இவளும் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா இலாகா பெட்ரோல்?

அப்புறம் ஒரு வேலை செய்தாள். இனிக்க இனிக்கப் பேசுவாள் என்று நினைத்தால் சண்டைக்கு இழுத்தாள். நீங்கள் எல்லாம் மேலே போய் மரத்தை வெட்டிக் காட்டை நாசம் பண்ணுகிறீர்கள் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அஞ்சலையக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"எவன் சொன்னது? முனியாண்டிக்கு மேல எங்காளு ஒருத்தன் கத்தி கொண்டு போயிருந்தா காட்டச் சொல்லு. செருப்பு கூடப் போகாது அங்க. கத்தி மேல ஏறுனா தண்ணி கீழ எறங்காது. எங்க மாமியா காலத்துலருந்து அப்படித்தான்லா."

அவ்வளவுதான், மடை உடைந்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். தொட்டிக்கு மேலே இருக்கிற காடு சாமியுடைய காடு. விறகு வேண்டுமென்றாலும் கீரை வேண்டுமென்றாலும் கீழ்ப்பக்கம்தான். மீறினால் முனியாண்டிக்குத் தெண்டம் கட்ட வேண்டும். பெரட்டுக் களத்தில் நீங்க சொன்னா சரிங்கய்யா என்றாரே அந்தப் பெரியவர், அவரே வந்து தெண்டம் என்னென்ன என்று ஒப்பித்தார். வசந்தா பூசணிக்காய்க் கையைத் துடைத்துவிட்டு எழுதிக்கொண்டாள். யார் சொன்னது, எங்கே உட்கார்ந்து சொன்னது, எல்லாம் எழுதினாள். திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை.

துவான் ஹாலிம் அவள் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். அரசாங்கம் காக்க நினைக்கும் நீர்ப்பிடிப்பை இந்த மக்கள் ஏற்கெனவே காத்துவருகிறார்கள் என்றால், அவர்களை வெளியே தள்ளுவது கொள்கைக்கே விரோதம், இதைத் தலைநகருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அப்படியென்றால் போகப்போவது அவள்தான். அப்புறம் விரலை எடுத்து ஒரு வரியில் வைத்தார். மீறினால் தண்டனை உண்டு என்று எழுதியிருக்கிறாய், யாராவது மீறித் தண்டனை வாங்கியிருக்கிறார்களா? வாயால் சொல்லும் கட்டுப்பாடு எல்லா ஊரிலும் உண்டு, தலைநகரில் முதல் கேள்வி இதுதான் வரும் என்றார். வசந்தா அஞ்சலையக்காவுக்குப் போன் செய்து கேட்டாள். எங்கள் ஆள் யாரும் மீறியதே இல்லையே, பின்னே தெண்டம் எப்படி வாங்குவது என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டாராம். துவான் அறிக்கையின் மூலையில் கேஐவி என்று எழுதினார். பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் ஆபீசில் கேஐவி போட்ட காகிதம் கிணற்றில் போட்ட கல்.

அன்றைக்கு மத்தியானம் ஆபீஸ் பையன்கள் எல்லாரையும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் அண்ணே என்றார்கள். சும்மாதான் என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கேஐவி போட்டதை ஒருநாள் எடுத்துவிட்டால்? ஒரே ஒரு வெட்டுமரத்து அடிக்கட்டையை அந்தக் காட்டில் கண்டுபிடித்துவிட்டால் அஞ்சலையக்கா பேச்சும் போச்சு, வசந்தா அறிக்கையும் போச்சு. வெட்டுப்பட்ட மரத்தைக் கண்டுபிடிப்பதில் பேராக்கில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. மண் மூடினாலும் பாசி ஏறினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. லீவு நாளில், இலாகா பூட்ஸ் போட்டு, பாராங் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தாமானைச் சுற்றிச் செம்பனை வழியாக ஏறினேன். முனியாண்டியைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போட்டேன். அதில் குறை வைக்கவில்லை.

மேலே ஓடையின் இரண்டு கரையும் ஏறி இறங்கினேன். கட்டை இல்லை. தேனெடுக்க ஆப்பு அடித்த மரம் இல்லை, கண்ணி இல்லை, கரி மூட்டம் போட்ட தடம் இல்லை. சரிவில் ஏறினதும் செங்கால் மரம் ஒன்று நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் அதைவிடப் பெரியது, அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும். செங்கால் எப்பேர்ப்பட்ட மரம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், திருடன் முதலில் தேடுவது அதைத்தான். நான் ரோந்து போன காடுகளில் ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு செங்காலை நான் பார்த்தே வருஷக்கணக்காச்சு. துப்பாக்கி, ஜீப்பு, கேட்டு, பூட்டு எல்லாம் வைத்துக்கொண்டு எங்களால் நிறுத்தி வைக்க முடியாத மரத்தை, இந்த அம்மாள்கள் ஒரு முனியாண்டியை வைத்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள். வசந்தாமேல் மட்டும் இருந்த எரிச்சல் அந்த இடத்தில் தாமான் முழுக்கப் பரவிவிட்டது.

இறங்கும்போது பிரம்புக்கொடி முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. கை தானாக இடுப்புக்குப் போயிற்று. நாலைந்து கொடிகளை வெட்டித் தள்ளிவிட்டு வழி பண்ணிக்கொண்டு இறங்கி வந்தேன். காட்டில் நடக்கிறவனுக்கு அது மூச்சு விடுவது மாதிரி, யோசிக்கவே இல்லை.

அந்த வாரம் தொட்டி வாரும் முறை அஞ்சலையக்கா மருமகளுக்கு. வாட்சாப்பில் வசந்தாவுக்குப் படம் வந்துவிட்டது. தொட்டிக்கு மேலே சேற்றில் பூட்ஸ் தடம், வெட்டிய பிரம்பு, அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் போத்தல். வசந்தா என் மேசைக்கு வந்து போனை நீட்டினாள்.

"அண்ணே, இது நம்ம ஆபீஸ் பூட்ஸ்தானே?"

நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரோ வெளியாளு, மரத் திருடனா இருக்கும்னு சொல்லிர்றேன். நீங்க ஒன்னும் பேச வேணாம். இதெல்லாம் வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவள் கெட்டிக்காரிதான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் நான் அவளை முந்திவிட்டேன். துவான் கேட்டது மீறியவன் ஒருவனை. அவன் இதோ மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். என்னைக் காப்பாற்றும் அவசரத்தில் அது அவள் புத்திக்கு எட்டவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் அறிக்கை கேஐவியிலேயே கிடக்கும், அவள் தலைநகர் போகமாட்டாள், கதை முடிந்தது. கூடவே பாதைக்கு வேலி வரும். நான் வாயைத் திறந்தால் பாதை பிழைக்கும், அவளும் தலைநகர் போவாள். என்ன கஷ்டகாலம் பாருங்கள், இரண்டும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறது.

நான் பெரிய தியாகி என்று எழுதினால் என் மனைவியே சிரிப்பாள். அந்தச் செங்கால் மரங்கள் கண்ணில் நின்றது உண்மை. அதைவிட, இவள் தயவில் நான் தப்பிக்கவா என்பதுதான் தாங்கவில்லை. அதற்கு மேல் யோசிக்காமல், "நாந்தான்னு சொல்லு. வெள்ளிக்கிழமை வாரேன்னு சொல்லு," என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாமான் பாதி ஜனம் கோயிலில் கூடியிருந்தது. வசந்தாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு இல்லை. பூட்ஸைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். வெட்டிய பிரம்பையெல்லாம் நானே போய் முள்ளோடு எடுத்துவந்து முனியாண்டி முன்னால் போட்டேன். கால் முழுக்கக் கீறல். சேவல் ஒன்று, தேங்காய், எலுமிச்சம்பழம், சுருட்டு, எல்லாம் கொண்டுபோயிருந்தேன். அதன் பிறகு தொட்டிக்குள் இறங்கி இலை வார வேண்டும். கடைசியாக, மேலே போன கத்தி திரும்பக் கீழே போகக்கூடாது, அது சாமி முன்னால் மண்ணில் குத்தி நிற்க வேண்டும் என்றார் அஞ்சலையக்கா. அங்கேதான் நான் தகராறு பண்ணினேன். இது என்னுடையது இல்லை, இலாகா கத்தி, அரசாங்கச் சொத்து, கொடுக்க முடியாது என்றேன். எல்லாரும் அந்த அம்மாவின் வாயைப் பார்த்தார்கள்.

"அப்ப கவர்மெண்டுக்கும் சேத்துத்தான் தெண்டம், தம்பி," என்றார் அவர். "குத்து."

குத்தினேன். பெரட்டுக் களத்தில் என்னை ஐயா என்று கூப்பிட்டவர்கள்தான், இங்கே தம்பி. பூசாரி விபூதி வைத்தார். சாப்பாட்டுக்கு இலை போட்டபோது முதல் இலை வசந்தாவுக்கு. தொட்டியில் இறங்கின ஈரத்தோடு நான் பந்தியின் கோடியில் உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை துவான் ஹாலிம் அறைக்கு நானே போனேன். பாராங் கத்தி ஒன்று குறைகிறதே என்று ஸ்டோர்காரன் கேட்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் இல்லையா? கத்தி முனியாண்டியிடம் இருக்கிறது, மேல்காட்டில் கட்டுப்பாட்டை மீறியதற்குத் தண்டனை என்றேன். அவர் ஜன்னலோரத்திலிருந்து திரும்பினார்.

"சியாப்பா சாக்காப்?"

"நான் சொல்கிறேன் துவான்."

எங்கே நின்று என்று கேட்டார்.

"முனியாண்டி முன்னால். செருப்பில்லாமல் நின்று."

அவர் சிரிக்கவில்லை. கேஐவி அறிக்கையை எடுத்து, மூலையில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தார். மறுநாள் தன் காரை எடுத்துக்கொண்டு போய் மண்ணில் நிற்கும் கத்தியைப் பார்த்துவிட்டு வந்தார். சட்டப்படி உள்ளே போக அதிகாரம் இருக்கும் அதிகாரியையே தண்டித்த ஊர்க் கட்டுப்பாடு, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அவரே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். வசந்தாவைக் கூப்பிட்டுத் தலைநகர் போகத் தயாராகு என்றார். என்னிடம், புதுக் கத்திக்கு எழுதிக் கொடு என்றார்.

அவள் போனாள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பேசினாளாம். கூட்டத்தில் கை தட்டினார்களாம். கொள்கையில் அந்த வரி மாறியது. நீர்ப்பிடிப்பைத் தங்கள் கட்டுப்பாட்டால் காத்துவரும் மக்கள் இருக்கும் இடத்தில், அவர்கள் பாதையை அடைக்கக்கூடாது, அந்தக் கட்டுப்பாட்டை இலாகாவும் மதித்து நடக்க வேண்டும் என்று எழுதினார்கள். வெள்ளைக்கல்லில் வேலி வரவில்லை. மேட்டு வீடுகளில் இன்றைக்கும் அந்தத் தண்ணீர்தான்.

கொள்கை புத்தகமாக அச்சாகி ஆபீசுக்கு வந்தது. பின்னிணைப்பில் மாநிலவாரியாக உதாரணங்கள் போட்டிருந்தார்கள். பேராக் பகுதியைத் தேடி எடுத்தேன். அஞ்சலையக்கா பெயர் இருந்தது. தெண்டம் ஒப்பித்த பெரியவர் பெயர் இருந்தது. கருத்துகளைத் திரட்டியவர் என்று வசந்தா பெயர், தகப்பனார் பெயரோடு முழுசாக இருந்தது. அதற்குக் கீழே, கட்டுப்பாட்டை மீறிய வன அதிகாரி ஒருவரும் தண்டிக்கப்பட்டார் என்று ஒரு வரி. வன அதிகாரி ஒருவர். அவ்வளவுதான். அச்சுப்பிழையாக இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே அவள் மேசைக்குப் போய், என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"நாந்தான் அண்ணே எடுக்கச் சொன்னேன். துவான் உங்க பேரை எழுதித்தான் கொடுத்தாரு. நாடு பூரா போற புத்தகம், உங்களுக்கு அசிங்கமா இருக்குமேன்னு…" என்றாள்.

அசிங்கமாம். தொட்டித் தண்ணீரில் முழங்கால் வரை நின்றவன் நான், அத்தனை பேர் முன்னால் கத்தியைக் குத்தியவன் நான், எனக்கு இல்லாத அசிங்கம் இவளுக்கு வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவனுக்கு அந்தப் புத்தகத்துக்குள் போக இருந்த ஒரே வாசல் அது. குற்றவாளி மாணிக்கம் என்றாவது போட்டிருக்கலாம்.